மணலி, எண்ணூர் கம்பெனிகளின் கேட் எங்கள் பிள்ளைகளுக்கும் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படிக்கும்போதே ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை பழகினால் பின்னால் நல்ல வேலை கிடைப்பது சுலபம் என்று எழுதியிருந்தீர்கள். நூற்றுக்கு நூறு உண்மை, நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் வந்த உதாரணங்கள் எல்லாம் கிண்டி, தரமணி, ஓ.எம்.ஆர். என்று தெற்கிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. வடசென்னையில் இருந்து பார்த்தால் இந்த விஷயத்துக்கு வேறு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு தண்டையார்பேட்டை, வேலை தம்புச்செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸில். துறைமுகத்துக்கு வந்து இறங்கும் சரக்குக்கு கஸ்டம்ஸில் பேப்பர் போட்டு, டியூட்டி கட்டி, வெளியே எடுத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பக்கத்துக் கல்லூரிகளில் இருந்து பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து வேலை சொல்லிக்கொடுப்பது பல வருஷமாக என் பொறுப்பு.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வியாசர்பாடிப் பக்கம் வீடு, அரசுக் கல்லூரியில் பி.காம்., பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வந்த புதிதில் போன் மணி அடித்தாலே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடும், ஏனென்றால் மறுமுனையில் பம்பாய்க்காரர் இந்தியிலோ இங்கிலீஷிலோ பேசுவார் என்று பயம். நாங்கள் முதலில் கொடுத்த வேலை ரொம்பச் சாதாரணம்தான். இம்போர்ட்டர் அனுப்பும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஏற்றிய சரக்குக்குக் கப்பல் கம்பெனி கொடுக்கும் ரசீதான பில் ஆஃப் லேடிங் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு, பெட்டி எண்ணிக்கை, எடை, சரக்கின் பெயர் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பென்சிலில் டிக் அடித்துக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு நேரம் முடிந்த கையோடு ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து நின்றது. "சார், பேக்கிங் லிஸ்ட்ல 48 பெட்டி இருக்கு, பில் ஆஃப் லேடிங்ல 46தான் போட்டிருக்கு, நான் சரியா பாத்தேனான்னு நீங்களும் ஒரு தடவை பாருங்க."

சரியாகத்தான் பார்த்திருந்தது. இரண்டு பெட்டி கப்பலிலேயே ஏறவில்லை, அடுத்த கப்பலில் வருகிறது, அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இதைக் கவனிக்காமல், இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் கணக்கான பில் ஆஃப் என்ட்ரியைப் போட்டிருந்தால் கப்பல் கம்பெனி கஸ்டம்ஸுக்குக் கொடுத்த கணக்கோடு இடித்திருக்கும், திருத்தம் கேட்டு அலைந்திருப்போம், கன்டெய்னர் வாடகை ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். இந்தத் தொழிலில் நாள் தள்ளினால் காசுதான். பில் ஆஃப் என்ட்ரி தாமதமாகப் போட்டால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதற்கு மேல் தினம் 10,000 ரூபாய் கட்ட வேண்டும். "நீயே அந்த இம்போர்ட்டர் ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேளும்மா" என்றேன். என்ன பேச வேண்டும் என்பதை முதலில் ஒரு பேப்பரில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டது, அதைப் பார்த்துப் பார்த்தே பேசி முடித்தது. அடுத்த வாரத்தில் இருந்து பேப்பர் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் டிகிரி முடித்த பிறகு, அந்த இம்போர்ட்டர் ஆபீஸின் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் எங்களுக்குப் போன் செய்து, "பெட்டி எண்ணிக்கையைக் கண்டுபிடிச்ச பொண்ணு இப்ப எங்க இருக்கு?" என்று விசாரித்தார். அங்கேயேதான் வேலை, இறக்குமதிப் பிரிவில். நாங்கள் கொடுத்த சர்டிபிகேட்டை அவர்கள் கேட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை.

இன்டர்ன்ஷிப் ஒரு பிள்ளையை வேலைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. "இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும், வேலை செய்யும்" என்று சொல்ல வெளியே ஒரு ஆள் கிடைத்துவிடுகிறார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்ல அப்பாவின் சிநேகிதர் இருப்பார், மாமா ஹெச்.ஆரில் இருப்பார், அபார்ட்மென்டில் ஒருவர் ஆடிட்டராக இருப்பார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் ஹார்பரில் லோடு ஏற்றுகிறவர்கள், காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர்கள், வெல்டர், ஆட்டோ ஓட்டுகிறவர், கான்ட்ராக்டில் பாய்லர் சுத்தம் பண்ணப் போகிறவர். அம்மாக்கள் வீட்டு வேலைக்குப் போவார்கள், இட்லிக் கடை வைத்திருப்பார்கள். உழைப்பில் குறைந்தவர்கள் இல்லை, ஆனால் ஒரு ஆபீஸ் மேனேஜரிடம் போய்ச் சிபாரிசு சொல்லும் இடத்தில் அவர்கள் இல்லை. அதனால் இன்டர்ன்ஷிப் மற்ற பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் வசதி என்றால், எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான் வழி.

அப்புறம், வேலை செய்யும் இடத்தில் மட்டுமே கற்றுக்கொள்ள முடிகிற சில விஷயங்கள் உண்டு. ஒரு மெயிலுக்கு எப்படிப் பதில் எழுதுவது, தெரியாததை யாரிடம் எந்த நேரத்தில் கேட்பது, ஒருவர் கோபமாகப் பேசினால் அதில் வேலைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விடுவது, லேட் ஆகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவது. மூன்று வருஷம் வகுப்பில் உட்கார்ந்தாலும் இதெல்லாம் வராது, ஆறு வாரம் ஒரு ஆபீஸில் உட்கார்ந்தால் வந்துவிடும். தனக்கு எது ஒத்துவராது என்பதும் தெரிந்துவிடும், அதுவும் பெரிய லாபம். எங்களிடம் வந்த ஒரு பையனுக்கு மேஜை வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை, ஆனால் சரக்குப் பெட்டகம் வைக்கும் யார்டுக்கு அனுப்பினால் வெயிலிலும் சிரித்த முகமாக நிற்பான். இன்றைக்கு அவன் மாதவரம் பக்கம் ஒரு யார்டில் சூப்பர்வைசர். இன்னொரு பையன் எங்களிடமே தங்கி, கிளியரிங் பேப்பரில் கையெழுத்துப் போடும் தகுதிக்குக் கஸ்டம்ஸ் வைக்கும் ஜி கார்டு பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டான்.

இவ்வளவு நல்ல விஷயம் எங்கள் பகுதியில் எந்த நிலைமையில் இருக்கிறது என்று பாருங்கள்.

பொறியியல் கல்லூரிகளுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. 2018-லேயே இன்டர்ன்ஷிப் கொள்கை கொண்டுவந்து கிரெடிட்டும் வைத்துவிட்டது. கலை அறிவியல் கல்லூரிகளிலும் இரண்டாம் வருஷம் முடிந்த லீவில் செய்துவிட்டு வா, ரிப்போர்ட் கொடு என்கிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் எங்கே போய்ச் செய்வது என்று கேட்டால் பல கல்லூரிகளில் பதில் இல்லை, ஒரு பர்மிஷன் லெட்டரைக் கையில் கொடுத்து நீயே தேடிக்கொள் என்று அனுப்பிவிடுகிறார்கள். பத்தொன்பது வயசுப் பிள்ளை அந்த லெட்டரை வைத்துக்கொண்டு வாட்ச்மேனைத் தாண்ட முடியாமல் நான்கு கேட்டில் நின்று திரும்பி வருகிறது. ஐந்தாவதாக ஒருவர் சொல்கிறார், இன்ன இடத்தில் பணம் கட்டினால் சர்டிபிகேட்டும் கிடைக்கும், டைப் அடித்த ரிப்போர்ட்டும் கிடைக்கும் என்று.

எங்கள் தெருவிலேயே மெக்கானிக்கல் படித்த ஒரு பையன் அப்படித்தான் வாங்கினான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, கல்லூரியில் தேதி நெருக்கினார்கள், வேறு வழி தெரியவில்லை. ஆனால் முதல் இன்டர்வியூவிலேயே, "இன்டர்ன்ஷிப்ல எந்த மெஷின் பாத்தீங்க, அதுல என்ன வேலை பண்ணீங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்ல ஒன்றும் இல்லை. பயோடேட்டாவில் எழுதியிருந்த மற்றதெல்லாம் உண்மை, அதையும் அதற்கப்புறம் அவர்கள் நம்பவில்லை. இத்தனைக்கும் அந்தப் பையன் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் ராத்திரியில் மணலி ஆலைகளின் தீ எரிவது தெரியும். இவ்வளவு பக்கத்தில் இத்தனை மெஷின் ஓடுகிறது, ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் ஒருவன் மெக்கானிக்கல் டிகிரி வாங்கிவிட்டான் என்பதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அடுத்தது பணம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லாமே இதில்தான் வந்து முட்டுகிறது. லீவு என்பது இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பாதிக்கிற காலம். கேட்டரிங்கில் பரிமாறப் போவார்கள், மின்ட் பக்கம் கடைகளில் நிற்பார்கள், பைக் இருந்தால் சாப்பாடு டெலிவரிக்குப் போவார்கள், அந்தக் காசில்தான் அடுத்த வருஷ ஃபீஸ், புத்தகம், தங்கச்சியின் ஸ்கூல் செலவு. அந்த இரண்டு மாசமும் சம்பளம் இல்லாமல் ஒரு ஆபீஸில் வந்து உட்கார் என்றால் எப்படி வருவார்கள்? சிறுசேரி சிப்காட்டில் இடம் கிடைத்தாலும் திருவொற்றியூரில் இருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது பெரிய உதவிதான், ஆனால் தினமும் போய் வர அந்த டிக்கெட் காசு யார் கொடுப்பது? காலேஜ் பஸ் பாஸ் வீட்டுக்கும் காலேஜுக்கும்தான் செல்லும். மத்தியானம் வெளியே சாப்பிட வேண்டும். ஸ்டைபண்ட் என்கிற பயிற்சிக்கால உதவித்தொகை இல்லாத இன்டர்ன்ஷிப்புக்கு வீட்டில் பணம் இருக்கிற பிள்ளைதான் போக முடியும், திறமை அதற்கு அப்புறம்தான். எங்கள் ஆபீஸில் முதலாளியிடம் நான் சண்டை போட்டுத்தான் பஸ் காசும் மதியச் சாப்பாடும் கொடுக்க வைத்தேன், இப்போது மாசம் ஒரு தொகையும் கொடுக்கிறார். பெரிய தொகை கிடையாது. அதைக் கொடுக்க ஆரம்பித்த பிறகு பாதியில் நின்றுபோகிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

அரசாங்கத் திட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மத்திய அரசு 2024 ஜூலை பட்ஜெட்டில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தது. 500 பெரிய கம்பெனிகளில் ஐந்து வருஷத்தில் ஒரு கோடிப் பேருக்கு இடம், ஒரு வருஷப் பயிற்சி, மாசம் 5,000 ரூபாய், தொடக்கத்தில் ஒரு தடவை 6,000 ரூபாய் என்றார்கள். ஆனால் அந்த வருஷம் அக்டோபரில் தொடங்கியபோது வைத்த விதிப்படி வயது 21-ல் இருந்து 24-க்குள் இருக்க வேண்டும், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது. ஆக, இரண்டாம் வருஷ லீவில் எங்கே போவது என்று தவித்த பிள்ளைக்கு அப்போது அதில் இடம் இல்லாமல் போனது. மாநில அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் வந்தது, கல்லூரிக்குள்ளேயே திறன் வகுப்பு நடக்கிறது, அதில் படித்த பிள்ளைகள் வேலைக்கு வரும்போது கம்ப்யூட்டரில் கை தயங்குவதில்லை, நான் பார்க்கிறேன். அதற்கு அடுத்த படியாக ஆளை ஒரு ஆபீஸுக்குள், ஒரு ஆலைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

டிகிரி முடித்தவர்களுக்கு 1961-ஆம் வருஷத்து அப்ரன்டிஸ் சட்டம், அதாவது தொழில் பழகுநர் சட்டம், இருக்கிறது. 2019-ல் திருத்திய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் எதுவானாலும் ஆட்கள் எண்ணிக்கையில் இரண்டரை சதவீதத்தில் இருந்து பதினைந்து சதவீதம் வரை அப்ரன்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், டிகிரிக்காரர்களுக்குக் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று ஸ்டைபண்டும் நிர்ணயித்தார்கள். எங்கள் பகுதியில் எத்தனை வீட்டில் இது தெரியும்? தரமணியில் இதற்கென்றே தென்மண்டல ஆபீஸ் இருக்கிறது, ஆன்லைனிலேயே பதியலாம் என்று நான் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். கடைசி வருஷம் படிக்கும்போதே இதைக் கல்லூரியில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்ல வேண்டாமா?

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். வடசென்னையில் கம்பெனிக்கா பஞ்சம்? எண்ணூரில் எழுபது வருஷத்துக்கும் மேலாக வண்டி செய்கிறார்கள். மணலியில் 1960-களில் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அவற்றைச் சுற்றி பெட்ரோ கெமிக்கல் கம்பெனிகள். பெரம்பூரில் 1955-ல் இருந்து ரயில் பெட்டி தயாராகிறது. திருவொற்றியூரில் டயர், மோட்டார் சைக்கிள். அத்திப்பட்டில் அனல் மின் நிலையம், இந்தப் பக்கம் சென்னைத் துறைமுகம், அந்தப் பக்கம் காமராஜர் துறைமுகம். நடுவில் எத்தனையோ கன்டெய்னர் யார்டுகள். மெக்கானிக்கல், கெமிக்கல், எலெக்ட்ரிக்கல், காமர்ஸ், கெமிஸ்ட்ரி என்று எந்தப் படிப்பை எடுத்தாலும் பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி தூரத்தில் ஒரு இடம் இருக்கிறது. கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி நிற்பதும், காற்றில் வரும் நாற்றமும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் வலையும் படகும் நாசமானதும் எங்கள் ஜனங்கள் தலையில்தான் விழுந்தது. தொழிற்சாலையால் வரும் கஷ்டம் முழுவதும் எங்களுக்கு என்றால், அந்தத் தொழிற்சாலையில் வேலை பழகும் இடத்தில் ஒரு பங்கு எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று கேட்பது நியாயம்தானே?

சில பெரிய ஆலைகளில் இன்பிளான்ட் டிரெய்னிங் என்று ஆலைக்குள்ளேயே பயிற்சி கொடுக்கத்தான் செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தகவல் தெரிந்த கல்லூரிக்குத்தான் தெரிகிறது, உள்ளே ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் கிடைக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: எத்தனை பேரை எடுப்போம், எந்தப் படிப்பு, எந்த மாசம், ஸ்டைபண்ட் எவ்வளவு என்று வெளிப்படையாகப் போடட்டும், அதில் ஒரு பகுதியை ராயபுரத்தில் இருந்து மீஞ்சூர் வரை உள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கட்டும். பாதுகாப்பு, இன்சூரன்ஸ் என்று காரணம் சொல்வார்கள். நியாயமான கவலைதான், ஆபத்தான இடத்துக்குப் புதுப் பிள்ளையை அனுப்பச் சொல்லவில்லை. லேப் இருக்கிறது, ஸ்டோர்ஸ் இருக்கிறது, மெயின்டெனன்ஸ் பிளானிங், பர்ச்சேஸ், அக்கவுன்ட்ஸ் இருக்கிறது. சமூகப் பொறுப்பு நிதி என்று லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழிக்க வேண்டிய கம்பெனிகளுக்கு, பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேரின் ஸ்டைபண்ட் ஒரு பெரிய விஷயமே கிடையாது. பெண் பிள்ளைகள் வந்தால் ஒழுங்கான டாய்லெட்டும், சாயங்காலம் இருட்டுவதற்கு முன் பஸ் ஸ்டாப் வரை வண்டியும் வேண்டும், அதையும் சேர்த்தே கேட்கிறேன்.

சின்ன ஆபீஸ்களையும் விட்டுவிடக் கூடாது. பாரிமுனையிலும் மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் எத்தனை ஆடிட்டர் ஆபீஸ், ஷிப்பிங் ஆபீஸ், மொத்த வியாபாரக் கடை! ஒரு பி.காம். பிள்ளை ஒரு மாசம் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்தால் போதும், 11-ஆம் தேதிக்குள் ஒரு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், 20-ஆம் தேதிக்குள் இன்னொன்று என்று அந்த ஓட்டத்தைப் பார்த்துவிடும், பில் எதில் சேரும், எதில் சேராது என்று கை பழகிவிடும். அந்த ஒரு மாசத்தை வைத்தே எந்தக் கடையிலும் கணக்கு வேலைக்குத் தைரியமாகப் போய் நிற்கலாம். ஆனால் எடுக்கிற முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. டீ வாங்கி வரவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளாதீர்கள். தினம் ஒரு உருப்படியான வேலையைக் கொடுத்து, சாயங்காலம் பத்து நிமிஷம் அதைத் திருத்திக் கொடுத்தால் மூன்றாவது வாரத்தில் இருந்து உங்கள் வேலையே குறையும், அனுபவத்தில் சொல்கிறேன்.

கல்லூரிகளில் ஆசிரியர்கள்மேல் ஏற்கெனவே வேலை நிறைய இருக்கிறது, தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு துறையிலும் ஒரு ஆசிரியரை இதற்கென்று வைத்து, வாரம் ஒரு தடவை பிள்ளை இருக்கிற இடத்துக்குப் போன் போட்டு என்ன பண்ணுகிறான், என்ன பண்ணுகிறாள் என்று கேட்டால்கூடப் பாதிப் பிரச்சினை தீரும். காசு கொடுத்து வாங்கிய சர்டிபிகேட் அந்த ஒரு போனிலேயே தெரிந்துபோகும். ரிப்போர்ட்டை மூன்று பக்கம் பிள்ளை தன் கையால், தமிழில் வேண்டுமானாலும், எழுதட்டும், சீனியரின் நாற்பது பக்கத்தை அப்படியே பைண்டிங் போட்டுக் கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். படித்து முடித்து வேலையில் இருக்கிற பழைய மாணவர்களிடம் கேட்டாலே ஒவ்வொரு கல்லூரிக்கும் ஐம்பது இடத்தின் லிஸ்ட் தயாராகிவிடும். எங்களுக்கு லெட்டர் அனுப்புவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் அனுப்பாதீர்கள், பிப்ரவரியிலேயே அனுப்புங்கள், அப்போதுதான் நாங்களும் யாருக்கு என்ன வேலை என்று யோசித்து வைக்க முடியும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி, மார்ச்சில் வாரம் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, வடசென்னையில் எந்த ஆலை, எந்த ஆபீஸ், எந்த ஒர்க்‌ஷாப் எத்தனை மாணவர்களை எடுக்கிறது, என்ன கொடுக்கிறது என்று இலவசமாகப் போடுங்கள். கம்பெனிகளுக்கும் கேட்டு எழுதுங்கள், பத்திரிகை கேட்டால் பதில் வரும், நாங்கள் கேட்டால் வருவதில்லை. அந்தப் பட்டியலில் எங்கள் ஆபீஸை முதலில் சேர்த்துக்கொள்ளலாம்: பி.காம். அல்லது பி.பி.ஏ., மே மாசம் முதல் வாரத்தில் இருந்து, மூன்று பேர், பஸ் காசு, மதியச் சாப்பாடு, மாச ஸ்டைபண்ட் உண்டு. முகவரியைத் தனியாக இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கிளியரிங் ஆபீஸ் ஊழியர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை.